காய் வேண்டாம், பழம் வேண்டும்: குடைமிளகாய் விதை எடுத்து வளர்க்கும் முறை

கடையில் வாங்கிய பச்சைக் குடைமிளகாயின் விதையைத் தொட்டியில் தூவி, இரண்டு வாரம் தண்ணீர் தெளித்து, ஒன்றும் தலைகாட்டாமல் போனதும் ‘இது நம் ஊர் மண்ணுக்கு ஒத்துவராது’ என்று முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மண்ணின் மேல் பழி இல்லை. பச்சைக் குடைமிளகாய் என்பது முற்றாத காய். வெண்டைப் பிஞ்சிலிருந்து யாராவது விதை எடுப்பார்களா? செடியிலேயே நெற்றாகக் காயவிட்டுத்தானே எடுக்கிறோம். இதற்கும் அதே விதிதான். பச்சையாக இருக்கும் அதே காயைச் செடியில் இன்னும் மூன்று நான்கு வாரம் விட்டுவைத்தால் ரகத்துக்கு ஏற்பச் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ பழுக்கும். அப்போதுதான் விதைக்குள் முளை முழுமையடைகிறது. கடையில் சிவப்பும் மஞ்சளும் பச்சையைவிட விலை கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் அந்தக் கூடுதல் வாரங்கள்.

ஆகவே முதல் வேலை, நன்றாக நிறம் ஏறிய ஒரு பழம் வாங்குவது. காம்பைச் சுற்றிக்கூடப் பச்சைத் திட்டு இருக்கக் கூடாது. வாங்கிய அன்றே வெட்ட வேண்டாம். சமையலறை மேடையில் ஒரு வாரம் சும்மா வைத்திருங்கள். தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும். அந்த ஒரு வாரத்தில் உள்ளே விதை இன்னும் கொஞ்சம் முற்றும். அழுகல் தொடங்கினால் மட்டும் காத்திருக்காமல் வெட்டிவிடலாம். குளிர்சாதனப் பெட்டியில் இருந்த பழமானாலும் விதைக்குக் கேடில்லை. உறைநிலைப் பெட்டியில் வைத்தது மட்டும் உதவாது.

வாங்கிய பழத்தின் பூர்வீகம்

தமிழ்நாட்டுக் கடைகளுக்கு வரும் வண்ணக் குடைமிளகாயில் கணிசமானது ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துப் பசுமைக்குடில்களிலும் கர்நாடகத்திலும் விளைவது. அங்கே பயிரிடப்படுபவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். இரண்டு வெவ்வேறு தாய் தந்தை வரிசைகளைக் கலந்து, ஒரே ஒரு தலைமுறைக்கு ஒரே சீராகக் காய்க்கும்படி உண்டாக்கிய விதை அது. அந்தப் பழத்துக்குள் இருக்கும் விதை அடுத்த தலைமுறை. அதில் தாத்தா பாட்டி குணங்களெல்லாம் பிரிந்து பிரிந்து வரும். ஆறு செடி வளர்த்தால் ஒன்றில் நான்கு மடிப்புள்ள பெரிய காய், இன்னொன்றில் நீளவாக்கில் மூன்று மடிப்பு, வேறொன்றில் தோல் மெலிந்த சின்னக் காய் என்று வரலாம். இதைக் கேட்டுவிட்டு ‘ஒட்டு ரக விதை முளைக்காது, மலடு’ என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். முளைக்கும், காய்க்கும். சீராக இருக்காது என்பது மட்டுமே உண்மை.

இனிப்பு விஷயத்தில் மட்டும் கவலை வேண்டாம். குடைமிளகாயில் காரம் இல்லாததற்குக் காரணம், காரப்பொருளான கேப்சைசினை உண்டாக்கும் மரபணு அதில் செயலிழந்திருப்பது. ஒட்டு ரகத்தின் பெற்றோர் இருவருமே இனிப்பு வகை என்பதால் அவற்றின் பேரப்பிள்ளைகளும் இனிப்பாகவே இருக்கும். வெளியிலிருந்து மிளகாய் மகரந்தம் வந்து சேராதவரை இது மாறாது. சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம். இந்த அத்தியாயத்தில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னொரு சங்கடம் உண்டு. பசுமைக்குடிலுக்கென்றே உருவான ரகங்கள் திறந்த மாடியின் வெயிலையும் காற்றையும் அவ்வளவாக விரும்புவதில்லை. எனவே என் யோசனை இது: கை பழகுவதற்கு முதல் வருடம் கடைப்பழத்தின் விதையே போதும், செலவும் கிடையாது. வருடாவருடம் விதை எடுத்துத் தனக்கென ஒரு வரிசையைக் காப்பாற்ற நினைப்பவர், ஒரே ஒரு முறை ஒட்டு அல்லாத சாதா ரக விதை வாங்கிவிடுவது நல்லது. ‘கலிஃபோர்னியா வொண்டர்’ 1928-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரகம். இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா மோகினி, அர்கா கௌரவ் இரண்டும் நம் பக்கத்துத் தட்பவெப்பத்துக்குப் பொறுக்கி எடுத்தவை. பொட்டலத்தில் ‘எஃப்1’ என்றோ ‘ஹைப்ரிட்’ என்றோ அச்சிட்டிருந்தால் அது ஒட்டு ரகம்.

விதை எடுத்தல்

பழத்தின் பக்கவாட்டில் கீறிப் பிளந்தால் காம்படியில் வெள்ளைத் தசையோடு ஒட்டிய விதைக் கொத்து தெரியும். தக்காளி விதையைப் போல இதற்கு வழுவழுப்பான உறை கிடையாது. எனவே ஊறவைத்துப் புளிக்கவிடும் வேலை இல்லை. விரலால் உதிர்த்தால் போதும். வெளிர்மஞ்சளாக, தட்டையாக, நடுவில் சற்றுத் தடித்து இருப்பவை நல்ல விதை. பழுப்பேறியவை, கறுத்தவை, காகிதம் போல மெலிந்தவை குப்பைக்கு. ஒரு நல்ல பழத்தில் நூறு விதைக்குமேல் கிடைக்கும். ஒரு வீட்டுக்கு அதில் கால்வாசியே தாராளம்.

கழுவத் தேவையில்லை. தசை ஒட்டியிருந்தால் மட்டும் ஒரு முறை அலசி வடிகட்டிவிடலாம். பிறகு பீங்கான் தட்டிலோ எவர்சில்வர் தட்டிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு பிரியாது. மொட்டை மாடி உச்சிவெயிலில் காயப்போடுவது வற்றலுக்குச் சரி, விதைக்குக் கூடாது. வெப்பம் 35 டிகிரிக்குமேல் போகாமல், மெதுவாகக் காய வேண்டும். தினம் ஒரு முறை கையால் துழாவிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு விதையை நகத்தால் மடக்கிப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் இதற்கு இரண்டு வாரம்கூட ஆகலாம்.

உடனே விதைப்பதானால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். பத்து விதையை எண்ணி ஈரத்துணியில் மடித்து, ஒரு டப்பாவில் போட்டு மூடி, வீட்டில் வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் எத்தனை முளைத்தன என்பது உங்கள் விதையின் முளைப்புத்திறன். சான்று பெற்ற மிளகாய் விதைக்கே குறைந்தபட்சம் 60 சதவீதம் முளைப்பு இருந்தால் போதும் என்பதுதான் விதைத் தர விதி. எனவே பத்துக்கு ஆறு முளைத்தால் மகிழ்ச்சியாக விதைக்கலாம். தண்ணீரில் போட்டு மிதப்பதைத் தள்ளிவிடும் நெல் முறையை இதில் செய்யாதீர்கள். காய்ந்த குடைமிளகாய் விதை லேசானது. நல்ல விதையும் மிதக்கும்.

எப்போது விதைப்பது

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது பெரும்பாலான காய்கறிகளுக்குப் பொருந்தும். சமவெளியில் குடைமிளகாய்க்குப் பொருந்தாது. ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழையில் பூக்கும். அடைமழையில் பூ நனைந்து உதிரும். தையில் விதைத்தால் சித்திரை வெயிலில் பூக்கும். அது இன்னும் மோசம். இந்தச் செடிக்குப் பகலில் 21 முதல் 28 டிகிரி, இரவில் 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் சொர்க்கம். பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினாலே மகரந்தம் வீரியம் இழந்து பூ காம்போடு உதிரத் தொடங்கும். சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ அந்தச் சொர்க்கத்துக்கு ஓரளவு பக்கத்தில் வருவது மார்கழியும் தையும் மட்டுமே. செடி பூக்க வேண்டியது அப்போது.

அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். மார்கழியில் பூக்க வேண்டுமானால் அக்டோபர் கடைசியில் நாற்று பெரிய தொட்டிக்கு மாறியிருக்க வேண்டும். அதற்கு ஆறு வாரம் முன்பு, அதாவது செப்டம்பர் நடுவில் விதைக்க வேண்டும். பச்சைக்காய் ஜனவரிக் கடைசியில் கிடைக்கும். விதைக்கான பழம் பிப்ரவரிக்குள் சிவந்துவிடும். மார்ச் வெயில் வருவதற்குள் வேலை முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் நாற்றைக் காப்பாற்றுவதுதான் இந்த அட்டவணையில் இருக்கும் ஒரே தொல்லை. அதற்கு நாற்றுத் தட்டைக் கூரைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

கோவை, ஓசூர்க்காரர்களுக்கு இவ்வளவு நெருக்கடி இல்லை. உதகை, கொடைக்கானலில் பனி விலகிய பிறகு பிப்ரவரி, மார்ச்சில் விதைக்கலாம்.

முளையிலிருந்து நாற்று வரை

குழித்தட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அடியில் துளையிட்ட காகிதக் கோப்பை போதும். தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை வாங்கினால் ஊறவைத்து இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்துவிடுங்கள். உள்ளே இருக்கும் உப்பு நாற்றைக் கருக்கும். கலவை ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சூடோமோனாஸ் பொடி கலந்தால் நாற்றழுகல் குறையும்.

குழிக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழத்துக்கு உள்ளாகவே. மேலே மெல்லிய மண் மூடல். பூவாளியால் தெளித்து, தட்டைப் பழைய செய்தித்தாளால் மூடி வையுங்கள். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் முளை வளைந்து எழும். கத்தரி, தக்காளி வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காத்திருப்பு நீளமாகத் தெரியும். ஐந்தாம் நாளே கிளறிப் பார்க்கும் கை அரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். முதல் முளை தெரிந்ததும் செய்தித்தாளை எடுத்து, தட்டைக் காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளிச்சம் தேடித் தண்டு வெளிறி நீண்டுவிடும்.

நாற்றை அதிகம் கொல்வது வறட்சியல்ல, அன்பு மிகுந்த தண்ணீர். தண்டின் அடி நீர்கோத்து மெலிந்து, நேற்று நின்ற நாற்று இன்று படுத்திருந்தால் அது நாற்றழுகல். அந்த நாற்று பிழைக்காது, பக்கத்து நாற்றுக்கும் பரவும். மேல்மண் காய்ந்து நிறம் வெளுத்த பிறகே மறுபடி தெளிக்க வேண்டும், அதுவும் காலையில். இரண்டு நிஜ இலை வந்ததும் குழிக்கு ஒன்றாகக் குறையுங்கள். பலவீனமானதைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் வெட்டினால் மற்றதன் வேர் அசையாது.

பைக்கு மாற்றுதல்

ஆறாம் வாரத்தில் நாற்றுக்கு ஐந்தாறு இலை இருக்கும். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு. ஒரு பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு, ஒரு கைப்பிடி எலும்புத்தூள். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள வளர்ப்புப் பையில் ஒரு செடி. மாலையில் நடுங்கள், மூன்று நாள் நிழலில் வைத்திருங்கள். மாடித் தளத்தின் சூடு நேராக வேருக்கு ஏறாதபடி பையைச் செங்கல் மேலோ இரும்புச் சட்டத்தின் மேலோ தூக்கி வைப்பது அவசியம். தினமும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அது காலை வெயிலாக இருந்தால் உத்தமம். பிப்ரவரி பாதிக்குப் பிறகு 35 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பழுக்கும் பருவத்தில் வெயில் படும் பக்கம் வெளுத்து, தோல் பொத்துப்போகும்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் தண்டு இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். அந்தக் கவையில் முதல் பூ வரும். அதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். ஆனால் அந்த ஒரு காயை வளர்க்கப் போனால் செடி அங்கேயே நின்றுவிடும். கிளைகள் எளிதில் முறியக்கூடியவை. காய் கனக்கத் தொடங்குமுன் ஒரு குச்சி நட்டு, பழைய பருத்திச் சேலைக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை லிட்டருக்கு 30 மி.லி. பஞ்சகவ்யம் போதுமானது. இலை கரும்பச்சையாகக் கொழுத்துப் பூவே இல்லையென்றால் தழைச்சத்து அதிகம், உரத்தை நிறுத்துங்கள். காயின் நுனி கறுத்துக் குழிவிழுந்தால் சுண்ணாம்புச் சத்துப் பற்றாக்குறை என்பார்கள், முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். ஓடு மண்ணில் கரைவதற்குள் பருவமே முடிந்துவிடும். பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கிறது. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்க்குப் போய்ச் சேர்வதில்லை. சீரான தண்ணீரும் மேலே காய்ந்த இலை மூடாக்குமே மருந்து.

பூச்சிகளில் இரண்டை மட்டும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும். இலையின் ஓரம் மேல்நோக்கி ஓடம் போல மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்தி. முன்னதற்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயோடு சில துளி சோப்புக் கரைசல் கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்கலாம். பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, இலை கருகும். இலையில் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் விழுந்து செடி குறுகினால் அது வைரஸ், மருந்து இல்லை. அந்த வைரஸ்களில் சில விதையின் மேலுறையில் ஒட்டி அடுத்த தலைமுறைக்கும் போகும். ஆகவே அந்தச் செடியைப் பிடுங்கி அகற்றுங்கள். எவ்வளவு அழகான பழம் இருந்தாலும் விதை எடுக்காதீர்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் செடியைத் தொட வேண்டும். புகையிலையில் இருக்கும் தேமல் வைரஸ் பதப்படுத்திய தூளிலும் உயிர்ப்போடு இருக்கும். குடைமிளகாய் புகையிலைக்கு உறவுக்காரச் செடி.

பக்கத்தில் ஒரு மிளகாய்ச் செடி

தமிழ்நாட்டு மாடித் தோட்டத்தில் மிளகாய் இல்லாத வீடு கிடையாது. சம்பா, குண்டு, பஜ்ஜி மிளகாய் எதுவானாலும் குடைமிளகாயும் அதுவும் ஒரே தாவர இனம். கலப்பதற்குத் தடையே இல்லை.

‘மிளகாய்ச் செடி பக்கத்தில் வைத்தால் குடைமிளகாய் காரமாகிவிடும்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்த வருடக் காய்க்கு அது பொய். அடுத்த வருடச் செடிக்கு அது மெய். நாம் சாப்பிடும் சதை தாய்ச்செடியின் உடம்பு. எந்த மகரந்தம் வந்து விழுந்தாலும் அது இனிப்பாகவே இருக்கும். உள்ளே உருவாகும் விதைதான் தகப்பனின் பங்கைச் சுமக்கிறது. காரம் ஓங்கிய குணம். எனவே மிளகாய் மகரந்தத்தால் உண்டான விதையை அடுத்த செப்டம்பரில் விதைத்தால் அந்தச் செடியில் காய்ப்பது முழுக்கக் காரமாக இருக்கும். பார்வைக்குச் சற்று நீண்ட குடைமிளகாய் மாதிரி இருந்துகொண்டு, கூட்டில் போட்ட பிறகு வீட்டையே இருமவைக்கும். அந்தக் காரக்காயிலிருந்து இன்னொரு தலைமுறை எடுத்தால் ஏறக்குறைய நாலில் ஒரு செடி மறுபடி இனிப்பாக வரும். ஆராய்ச்சி மனம் உள்ளவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. சமையலுக்கு வளர்ப்பவர்களுக்குத் தலைவலி.

குடைமிளகாய்ப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தே இருக்கின்றன. தன் மகரந்தத்தாலேயே அது காய் பிடிக்கும், தேனீ கட்டாயமில்லை. ஆனாலும் தேனீ, எறும்பு, இலைப்பேன் வந்துபோகும்போது வெளி மகரந்தம் கணிசமாகச் சேர்ந்துவிடுகிறது. மிளகாய் விதைப் பண்ணைகளில் இதற்காகவே ரகத்துக்கு ரகம் சான்று விதைக்கு 200 மீட்டரும் ஆதார விதைக்கு 400 மீட்டரும் இடைவெளி விடுகிறார்கள். நம் மாடியில் அதற்கு வழியில்லை. பக்கத்து வீட்டு மிளகாயையும் பிடுங்கச் சொல்ல முடியாது.

அதனால் பூவை மூட வேண்டும். கல்யாண வீடுகளில் பாதாம், சாக்லேட் போட்டுத் தரும் சுருக்குக் கயிறு வைத்த சின்ன வலைப்பை இதற்கென்றே செய்தது போல இருக்கும். நாளை மலரப் போகும் மொட்டு வெள்ளையாக உப்பியிருக்கும், இதழ் பிரிந்திருக்காது. அப்படிப்பட்ட மொட்டுகள் இரண்டு மூன்று இருக்கும் கிளை நுனியைப் பைக்குள் விட்டு, காம்பு நெரியாமல் கட்டுங்கள். மலர்ந்த பூவை மூடிப் பயனில்லை. விருந்தாளி ஏற்கெனவே வந்து போயிருப்பார். அடுத்த சில நாள் காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் கிளையை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். மகரந்தம் தானாக உதிர்ந்து சேரும். இதழ் உதிர்ந்து பட்டாணி அளவு பிஞ்சு தெரிந்ததும் பையைக் கழற்றிவிட்டு, அந்தக் காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டிவையுங்கள். நூல் கட்டிய காயை யாரும் சமையலுக்குப் பறிக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். இந்தச் சொல்லிவைப்பு பையைவிட முக்கியம்.

பையெல்லாம் நுணுக்கமான வேலையாகத் தோன்றினால், தாய்ச்செடி ஒன்றின் மேல் மூன்று குச்சி நட்டுப் பழைய கொசுவலையைப் போர்த்தி அடியில் கட்டிவிடலாம். மார்கழிக் குளிரில் அதற்குள் காய் நன்றாகப் பிடிக்கும். மாசிக்கு மேல் உள்ளே புழுக்கம் ஏறிப் பூ கொட்டும் என்பதால் மூடும் வேலையைத் தை முடிவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

முன்பின் தெரியாத விதையிலிருந்து வந்த செடியா? முதல் காய் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில் கடுகளவு நாக்கில் வைத்துப் பாருங்கள். கேப்சைசின் உற்பத்தியாகும் இடம் அதுதான்; சதையைச் சுவைத்தால் சில சமயம் ஏமாற்றும். காரம் தெரிந்தால் அந்தச் செடியைத் தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றிவிடுங்கள், பஜ்ஜிக்கு ஆகும்.

எந்தச் செடியை நிறுத்துவது

பெரிய பழத்தைப் பார்த்ததும் விதைக்கு என்று ஒதுக்கிவிடுவது எல்லாரும் செய்வது. பார்க்க வேண்டியது பழத்தை அல்ல, செடியை. ஒரே ஒரு ராட்சதக் காயைத் தந்துவிட்டுச் சோர்ந்த செடியைவிட, நடுத்தர அளவில் ஏழெட்டுக் காய் தந்து, இலைச் சுருட்டையைத் தாங்கி, வெயில் ஏறிய பிறகும் பூவைப் பிடித்துவைத்த செடி மேல். ஊட்டியில் நன்றாக வந்த வரிசையைவிட உங்கள் மாடியின் சூட்டில் தப்பிய செடியின் விதைதான் உங்களுக்கு உதவும். ஒரே செடியோடு நிறுத்தாமல், நன்றாக இருக்கும் இரண்டு மூன்று செடிகளிலிருந்து செடிக்கு ஒன்றிரண்டு பழம் எடுத்து விதையைக் கலந்துகொள்ளுங்கள். தாய்ச்செடியில் மற்ற காய்களைப் பச்சையிலேயே பறித்துவிட்டால் விதைப்பழத்துக்குச் சத்து முழுதும் போகும். பருவக் கடைசியில் வரும் குட்டைக் காய்களை விதைக்கு வைக்க வேண்டாம்.

கடைப்பழத்திலிருந்து தொடங்கியவர்களுக்கு இந்தப் பொறுக்கல் இன்னும் சுவாரசியமானது. முதல் வருடத்துச் செடிகள் ஆளுக்கொரு தினுசாக இருக்கும் அல்லவா? பிடித்த தினுசை மட்டும் பை கட்டி விதை எடுத்து, அடுத்த வருடமும் அதே போலப் பொறுக்கினால் நாலைந்து தலைமுறையில் வேறுபாடு குறைந்து ஓரளவு நிலைத்த வரிசை கைக்கு வரும். சிவப்புப் பழத்திலிருந்து தொடங்கியவர்களுக்கு இடையில் மஞ்சள் தலைகாட்டலாம். சிவப்பு ஓங்கிய நிறம், அதனடியில் மஞ்சள் மறைந்திருக்கக்கூடும். மஞ்சளிலிருந்து தொடங்கினால் பெரும்பாலும் மஞ்சளே வரும்.

இப்படிச் சேர்த்த விதையைத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், பாதுகாக்கப்பட்ட ரகமானாலும் தன் விளைச்சலிலிருந்து விதை எடுக்கவும் மறுபடி விதைக்கவும் பகிரவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. அந்த ரகத்தின் பெயர் அச்சிட்ட பொட்டலமாகப் போட்டு விற்பதைத்தான் தடுக்கிறது.

காய்ந்த விதையைக் காகித உறையில் போட்டு, உறைமேல் ரகம், தாய்ச்செடி, எடுத்த மாதம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். உறையைக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, மருந்துப் பாட்டிலில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தையோ, அடுப்புச் சாம்பலைத் துணியில் முடிந்தோ கூடப் போட்டு இறுக மூடுங்கள். கடலோர ஊர்களில் அலமாரியில் வைத்த விதை ஒரு வருடத்துக்குள்ளேயே வீரியம் இழக்கும். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று வருடம் தாங்கும். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். புட்டியின் குளிர் விடும்வரை சில மணி நேரம் மூடியபடியே வைத்திருந்து திறந்தால் விதைமேல் நீர் கோக்காது. ஆகஸ்டுக் கடைசியில் அதிலிருந்து பத்து விதையை எடுத்து மறுபடி ஈரத்துணியில் மடித்துப் பாருங்கள். ஆறு முளைத்தால் குழிக்கு இரண்டு விதை, மூன்று நான்குதான் முளைத்தது என்றால் குழிக்கு நான்கு. ஒன்றிரண்டோடு நின்றால் அந்த உறையைக் கழித்துவிட்டு, புதிதாக ஒரு சிவந்த பழம் வாங்கிவரச் செப்டம்பர் நடுவுக்குள் இன்னும் நேரம் இருக்கிறது.